மோகனப்பிரியா அடுக்கி வைத்த அடிகள்

எங்கள் பக்கத்துக் கும்மி வாத்தியார்கள் பாட்டுக்கு இசை போட வரும்போது இந்த டெம்போவில் வேண்டும், அந்தச் சுருதியில் வேண்டும் என்றெல்லாம் கேட்கமாட்டார்கள். "சாமிய அழைக்கறாப்பல மெதுவா எடுக்கோணுமுங்க. பொம்பளப் புள்ளைங்க ரெண்டு சுத்து வந்ததும் காலு தன்னால ஓடோணுமுங்க" என்பார்கள். சரவணம்பட்டியில் கண்ணாடிக் கதவும் ஏசியுமாக எத்தனையோ ஸ்டூடியோ வந்துவிட்டது. அங்கே போய் இப்படிக் கேட்டால் பையன்கள் மண்டையைச் சொறிவார்கள். மனோஜ்குமாரின் ஸ்டூடியோவில் அந்தத் தொல்லை கிடையாது. அவன் மாடிப்படிப் பக்கம் திரும்பி "அக்கா" என்று ஒரு குரல் கொடுப்பான்.

அக்கா மோகனப்பிரியா கீழ் வீட்டில் கொள்ளுப் பருப்பு கடைந்துகொண்டிருந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு ஏறி வருவாள். வாத்தியார் சொல்வதை நின்றபடியே கேட்பாள். மவுஸை நாலு தட்டுத் தட்டுவாள். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்காருவதற்குள் அவர் மனசில் இருந்த அடி ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருக்கும். "இதேதானுங்க அம்மணி" என்று அவர் தொடையைத் தட்டுவார். பாராட்டு மனோஜுக்குப் போகும், அவள் அடுப்பைப் பார்க்க இறங்கிப் போவாள்.

அந்தத் தொழிலில் லூப் என்று ஒன்று உண்டு. ஒரே ஒரு சுற்று அடியை ஒலிப்பதிவிலிருந்து வெட்டி எடுப்பது. முடிகிற இடமும் தொடங்குகிற இடமும் சரியாகப் பொருந்தினால், எத்தனை நேரம் ஓடவிட்டாலும் ஒட்டுப் போட்ட இடம் காதுக்குத் தெரியாது. மயிரிழை பிசகினால் சுற்றுக்கு ஒரு தரம் நொண்டும். இப்படி ஆயிரக்கணக்கான துண்டுகளை மனோஜ் வாங்கியும் இறக்கியும் கம்ப்யூட்டரில் கொட்டி வைத்திருந்தான். ஒன்றுக்கும் உருப்படியான பெயர் இல்லை. வேண்டியதைத் தேடுவதற்குள் பாட்டே மறந்துவிடும் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். அந்தக் குப்பையைத்தான் அவள் கையில் எடுத்தாள். அவள் படித்தது பி.காம். கணவன் கதிர்வேல் மோட்டார் பம்ப் கம்பெனிக்குப் போனபின் வீட்டில் வேறு சோலி இல்லை, தம்பிக்கு ஒத்தாசை என்றுதான் உட்கார்ந்தாள். பிறகு அதுவே அவளுடைய சோலியாகிவிட்டது.

சாஃப்ட்வேர் தானாக அடுக்கித் தரும் முறை அவளுக்குச் சரிப்படவில்லை. அவள் காரியத்தை வைத்து அடுக்கினாள். தேர், கெடா வெட்டு, காது குத்து, மாப்பிள்ளை அழைப்பு, சீர், எழவு என்று ஃபோல்டர்கள். உள்ளே ஒவ்வொரு அடிக்கும் ஒரு பெயர். ‘சாமி வரப்போகுது’ என்று ஒன்று, ‘சாமி வந்தாச்சு’ என்று ஒன்று. கனமாக, நின்று நின்று நடக்கும் ஓர் அடிக்கு ‘மாமனார் வர்றாரு’ என்று வைத்தாள். மனோஜ் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். கொஞ்ச நாளில் அவனுக்கும் அந்தப் பெயர்கள் இல்லாமல் கை ஓடாமல் போயிற்று.

எல்லாவற்றையும் விட அவள் உயிரைக் கொடுத்தது மயில்சாமியின் ஜமாப் அடிகளுக்கு. கொடுமுடி ரோட்டில் இருந்து வந்து ஜமாப் மேளம் அடிக்கிற குழு அது. மாசி, பங்குனியில் அவர்களைப் பிடிப்பது குதிரைக்கொம்பு, ஒரு கோயில் நோம்பி விடாமல் கூப்பிடுவார்கள். காங்கேயத்துக்கு வெளியே அவள் அப்பா திருமூர்த்தியின் கொப்பரைக் களத்தில் வைத்துத்தான் பதிவு செய்தார்கள். வெளியில் காற்று மைக்கில் புகுந்து இரைந்தது. அதனால் கிடங்கில் கொப்பரை மூட்டைகளைச் சுவர்போல் சுற்றி அடுக்கி, நடுவில் மேளக்காரர்களை நிறுத்தினாள். எண்ணெய் வாசத்தில் தலை கிறுகிறுத்தது. அம்மா புவனா அண்டா நிறைய அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி, நெய்யும் தயிரும் வைத்து அனுப்பினாள். கிடங்கிலேயே எல்லோரோடும் தரையில் உட்கார்ந்து மோகனப்பிரியா சாப்பிட்டாள். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு களத்தில் கொப்பரையைக் கிளறப் போய்விட்டார்.

அன்றைக்கு மயில்சாமி கேட்டது ஒன்றே ஒன்று. "அம்மணி, நீங்க போடற பாட்டுல எங்க அடி வரட்டுமுங்க, சந்தோசம். ஆனா கண்டவிய எடுத்துப் போட்டுக்கறாப்பல வெளிய போயிரக் கூடாதுங்க. பொட்டிக்குள்ளயே நாங்க இருந்தா நோம்பிக்கு எங்களை எதுக்குங்க கூப்புடப் போறாங்க?"

"போகாதுங்கண்ணா. என்ற பேச்சு" என்றாள் அவள். மனோஜ் பக்கத்தில் மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான், தலையை ஆட்டினான்.

அதன்பிறகு எத்தனையோ மாதம் அவள் காதில் ஹெட்போன்தான். மேளக்காரர்கள் கடிகாரம் இல்லை, உற்சாகம் வந்தால் ஓடுவார்கள், களைத்தால் தளர்வார்கள். மற்றவர்கள் என்றால் எல்லாவற்றையும் இழுத்துக் கோட்டில் நிறுத்தியிருப்பார்கள். அவள் அந்த ஓட்டமும் கெடாமல் ஒட்டும் தெரியாமல் வெட்டினாள். ஓர் அடியை முடிக்க ஒரு நாள் ஆன சமயமும் உண்டு. கண் எரியும், குழம்பு அடிப்பிடிக்கும், கதிர்வேல் ஓட்டலில் இட்லி வாங்கி வருவான். நல்ல மனுசன் என்று அவளுக்குப் பெருமையாக இருக்கும்.

ஸ்டூடியோவைப் பதிவு செய்யும்போது யார் பெயரில் என்ற பேச்சு வந்தது. கட்டிக்கொடுத்த பிள்ளையின் பெயரைப் போட்டால் மாப்பிள்ளை வீட்டில் ஏதாவது நினைப்பார்கள் என்றார் அப்பா. அவளும் சரி என்றாள். இதைக் கேட்டால் வெளியூர்க்காரர்கள் அவளை ஏமாளி என்பார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் அப்படி நினைப்பதில்லை, அதற்குக் காரணம் எணைச்சீர். கல்யாணத்துக்கு முந்தின மாலை, மணப்பெண் மேடைக்கு வருவதற்கு முன்னாலேயே, மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவளை நகை பூட்டி அழைத்து வந்து அவன் பக்கத்தில் உட்காரவைப்பார்கள். மணப்பெண்ணுக்கான கூறைச்சேலையின் ஒரு முனையை அவன் கையிலும் மறு முனையை அவள் கையிலும் கொடுப்பார்கள். வருகிறவள் வரட்டும், இவளுக்கு உள்ள பாத்தியதை இவளுக்குத்தான் என்று ஊர் பார்க்கச் செய்கிற சீர் அது. சேலை முனை கையில் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று மோகனப்பிரியாவும் நம்பினாள்.

மனோஜுக்கு நந்திதாவை நிச்சயம் செய்தார்கள். ஆவணியில் கல்யாணம், காங்கேயத்தில் மண்டபம். நந்திதாவின் அண்ணன் கவின் சரவணம்பட்டியிலேயே ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனி வைத்திருந்தான். அவனும் மனோஜும் நகமும் சதையுமாக ஆனார்கள். அவளுக்கு அதில் சந்தோஷம்தான்.

ஆடிக் காற்று ஜன்னலைப் போட்டு அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், பழைய கும்மிப் பாட்டு ஒன்றை நீட்டித் தரச் சொல்லி ஒரு வாத்தியார் கேட்டிருந்தார். அவள் அந்தப் பாட்டைத் திறந்தாள். திரை முழுக்கச் சிவப்பு. ஒவ்வோர் அடியும் இருந்த இடத்தில் காணோம், எங்கே என்று காட்டு என்று சாஃப்ட்வேர் வரிசையாகக் கேட்டது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று நினைத்தாள். உள்ளே போய்ப் பார்த்தால் டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது, ஃபோல்டர்கள்தான் இல்லை. தேர் இல்லை, கெடா வெட்டு இல்லை, சீர் இல்லை. ‘எழவு’ மட்டும் தனியாக இருந்தது. கல்யாணம் வைத்திருக்கிற சமயத்தில் அதை எதற்குத் தொடுவது என்று எடுத்தவன் சாங்கியம் பார்த்து விட்டுப்போயிருந்தான்.

போனில் மனோஜ், பத்திரமான இடத்துக்கு மாற்றியிருக்கிறேன், பயப்படாதே என்றான். அவள் நம்பினாள். சாயந்திரம் அந்த வாத்தியாரே ஒரு படத்தை அனுப்பி, நீங்கள் விற்கிறீர்கள் என்று சொல்லவே இல்லையே அம்மணி என்று கேட்டிருந்தார். கவினின் கம்பெனி கொங்குத் தாளக் கட்டு என்று ஒன்றை இணையத்தில் உலகத்துக்கே கடை விரித்திருந்தது. அவள் அடுக்கிய வரிசை அப்படியே இருந்தது. ‘மாமனார் வர்றாரு’கூட இருந்தது. தொகுத்தவர்கள் என்று மனோஜ்குமார், கவின் பெயர்கள் இருந்தன. கீழே ஜமாப் என்று ஒரு வார்த்தை இருந்தது, அடித்தவர்கள் யார் என்று இல்லை. அவள் அதை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். தன் வீட்டுக்குள் யாரோ நுழைந்து, தான் மடித்து வைத்த துணிகளை மடிப்புக் கலையாமல் எடுத்துக்கொண்டு போனதுபோல் இருந்தது.

அன்று மனோஜ் சாப்பிட உட்கார்ந்ததும் போனை வட்டலுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் பதறவில்லை. கவினின் ஆட்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள், இதெல்லாம் பெட்டிக்குள் கிடந்து என்ன பிரயோஜனம், அடுத்த கட்டம் என்று ஒன்று வேண்டாமா என்று நிதானமாக விளக்கினான். அவள் தன் பெயரைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவாள் என்று தெரியும்.

"மயில்சாமியண்ணனுக்கு நான் பேச்சுக் குடுத்திருக்கறன்டா. நீயும் பக்கத்துலதான் இருந்த. மொதல்ல அத எடுத்துப்போடு."

"எடுத்துப்போடலாங்க்கா. இப்ப எடுத்தா மச்சான் மொகஞ் சுளிப்பாப்ல, பேச்சு வளரும். கல்யாணம் நிக்கோணுமா? மொதல்ல எணைச்சீருக்கு வந்து நில்லு. கல்யாணம் முடிஞ்ச மக்யா நாளே எடுத்துப்போடறன்."

அவன் எச்சில் கையோடு இடது கையால் அவள் கையைப் பிடித்தான். சின்ன வயதில் மாங்காய் திருடி மாட்டிக்கொண்டால் இப்படித்தான் பிடிப்பான். அம்மா போன் செய்து, தம்பியை விட்டுக்கொடுத்துவிடாதே கண்ணு என்று அழுதாள். அம்மாவுக்கு யார் சொன்னார்கள் என்று அவள் யோசிக்கவில்லை. கதிர்வேல் சோற்றைப் பிசைந்தபடி, "தம்பிதான அம்மணி, உடு" என்றான். அவள் விட்டாள்.

ஆவணி பிறந்தது. கல்யாணத்துக்கு முந்தின மாலை மண்டபத்து வாசலில் மயில்சாமியின் குழு வந்து இறங்கியது. அவர்களைத்தான் கூப்பிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவள் அவள். உள்ளே ஒரம்பரையாக வந்த சொந்தபந்தம் நிறைந்திருந்தது. எண்ணெயில் கச்சாயம் வேகிற வாசம் சமையல்கட்டிலிருந்து வந்துகொண்டே இருந்தது. அம்மாவின் காசுமாலையையும் அவளுடைய நகைகளையும் அவளுக்குப் பூட்டினார்கள். சீர் நடத்தும் அருமைக்காரர் கூப்பிட்டதும் கையில் செம்புத் தண்ணீரோடு நடந்து வந்து தம்பி பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே ஜமாப் எழுந்தது. அவள் துண்டு துண்டாக வெட்டிக் கேட்டுக் கேட்டு மனப்பாடமான அதே கை, இப்போது முழுசாக, மூச்சு வாங்கிக்கொண்டு, நெஞ்சில் வந்து இடித்தது. கூறைச்சேலையின் முனையை அவள் கையில் கொடுத்தார்கள். மறு முனையைப் பிடித்திருந்த மனோஜின் கண் கலங்கியிருந்தது. அவளுக்கு எல்லாக் கோபமும் போய்விட்டது. அவன் எடுத்துவிடுவான், இவன் என் தம்பி என்று நினைத்தாள். அந்த நிமிஷம் அவன்மேல் அவளுக்கு அவ்வளவு பாசம் பொங்கியது.

சீர் முடிந்ததும் பட்டுச்சேலையோடேயே பந்தி நடக்கும் இடத்துக்குப் போனாள். மேளக்காரர்கள் கடைசி வரிசையில் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒரு தப்பு நடந்துபோயிற்று, சீக்கிரமே சரியாகிவிடும், அவர்கள் வேறு யார் வாயிலிருந்தும் கேட்பதற்குமுன் தானே சொல்லிவிட வேண்டும் என்பது அவள் எண்ணம். மயில்சாமியைத் தூண் ஓரமாக அழைத்து, தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தாள்.

மயில்சாமி துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "எங்களுக்குத் தெரியுமுங்களே அம்மணி."

அவளுக்குப் புரியவில்லை.

"தை நோம்பி சமயத்துலயே தம்பி எங்கூருக்கு வந்தாப்லங்க. இந்தாட்ட வெளிய குடுக்கப் போறோம், அக்காதான் சொல்லியனுப்பிச்சாங்க, அக்காளுக்குச் சம்மதம், செல்லுல படம் புடிக்கறன், நீங்களும் அதப் பாத்து சம்மதம்னு சொல்லிப்போடுங்கன்னு கேட்டாப்ல. எம்பட பசங்க வேண்டாம்னாங்க. நாந்தானுங்க, அம்மணி சொன்னா ஒரு காரணம் இருக்கும், சொல்லுங்கடான்னு ஒவ்வொருத்தனையா நிறுத்திச் சொல்ல வெச்சனுங்க."

"நான் சொல்லலீங்கண்ணா" என்றாள். "சாமி சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

அவர் அவளைப் பார்த்தார். கழுத்து நிறைந்த காசுமாலையைப் பார்த்தார். சேலை முனையைப் பிடித்துக்கொண்டு தம்பியோடு அவள் உட்கார்ந்திருந்ததை வாசலில் நின்று பார்த்த மனுசன் அவர்.

"தெரியாம எப்புடீங்க? வண்டி ஓட்டியாந்ததே உங்க ஊட்டுக்காரருதானுங்களே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "சரி உடுங்க அம்மணி. நீங்களும் உங்க தம்பிக்குத்தானுங்க பாப்பீங்க. சீருக்கு வாரோம்னு சொன்னோம், அடிச்சாச்சு. காலைக்கு எங்களை உட்டுருங்க, பசங்களுக்கு மனசில்லை."

அவள் பின்னாலேயே வாசலுக்கு வருவதற்குள் அவர்கள் மேளங்களை உறை போட்டு டெம்போவில் ஏற்றிவிட்டார்கள். ஒருவரும் அவளிடம் வாரேன் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளை அறையில் மனோஜும் கதிர்வேலும் இருந்தார்கள். கதிர்வேல் அவள் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டான். அவள் தம்பியிடம்தான் போனாள்.

"என்ற பேரைச் சொன்னியாடா அவிய கிட்ட?"

மனோஜ் கண்ணாடியில் தலைப்பாகையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். "உன்ற பேரைச் சொன்னாத்தானக்கா அவிய ஒத்துக்குவாங்க" என்றான். அதில் ஒளிப்பதற்கு ஒன்றும் இருப்பதாகவே அவனுக்குத் தோன்றவில்லை.

"மக்யா நாளு எடுத்துப்போடறன்னியே."

"அது எடுக்கறாப்பல இல்லக்கா. குடுத்தா குடுத்ததுதான். நீ எணைச்சீருக்கு நிக்கமாட்டீன்னு அப்பன் பயந்துட்டாரு, அதுக்கோசரம் சொன்னது. உனக்கு என்ன செய்யோணும்னாலும் செய்யறன், இப்ப ஒரம்பரை முன்னால மூஞ்சியத் தூக்காத."

அப்பாவுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும். அவள் கணவன் பக்கம் திரும்பினாள். கதிர்வேல் தரையைப் பார்த்துக்கொண்டு, "நானு வண்டிதான் அம்மணி ஓட்டுனேன்" என்றான். அந்த வீட்டில் தெரியாதவள் அவள் ஒருத்திதான். தெரியாமல் இருந்தால்தான் சேலை முனையைப் பிடிப்பாள் என்று கூடிப் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். அவள் உழைப்பில் எந்த மூலையிலும் போடாத அவள் பெயரை, மயில்சாமியை ஏமாற்றுவதற்கு மட்டும் எடுத்துச் செலவழித்திருக்கிறார்கள். காசுமாலையைக் கழற்றி அங்கேயே மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

காலையில் ஜமாப்பைக் காணோம் என்று கொஞ்ச நேரம் பரபரப்பாக இருந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு மேளம் இல்லையா என்று பெரியவர்கள் சத்தம் போட்டார்கள். கவின் அலட்டிக்கொள்ளாமல் ஒரு ஆளுக்குப் போன் போட்டான். தட்டினால் அடி வருகிற பேடும் லேப்டாப்புமாக அந்த ஆள் திருப்பூரிலிருந்து வந்து இறங்கினான். ஜமாப் வைக்கிற கல்யாணம் எதற்கும் அவன் அதுவரை வாசித்ததில்லை என்றான். மோகனப்பிரியா மண்டபத்துச் சுவர் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய்விட வேண்டும் என்றுதான் இருந்தாள், அந்த ஆள் லேப்டாப்பைத் திறந்ததும் அப்படியே இருந்துகொண்டாள்.

எதை எங்கே போடுவது என்று தெரியாமல் அவன் விழிப்பான், ஊர் கூடிச் சிரிக்கும், மயில்சாமியைத் திரும்பக் கூப்பிட ஆள் ஓடும் என்று எதிர்பார்த்தாள். அவன் திரையில் இருந்த கவினின் தாளக் கட்டை ஒரு பார்வை பார்த்தான். தேர் இருந்தது, காது குத்து இருந்தது, ‘மாப்பிள்ளை அழைப்பு’ என்று தனியாகவே இருந்தது. உள்ளே எது முதலில், எது அடுத்து என்று பெயரிலேயே எழுதியிருந்தது. ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்காமல் அவன் அதைத் தட்டினான். மயில்சாமியின் கை மண்டபம் அதிர எழுந்தது. ஒரம்பரைப் பையன்கள் துண்டைச் சுழற்றிக்கொண்டு இறங்கினார்கள். அப்பா நிம்மதியாக மீசையைத் தடவினார். மேளக்காரர்கள் வராததே தெரியவில்லை என்று யாரோ அவள் காதுபடவே சொன்னார்கள்.

அவள் ஒவ்வொரு சுற்றின் முடிவுக்கும் காத்திருந்தாள். ஓர் இடத்திலாவது நொண்டாதா, ஓர் இடத்திலாவது ஒட்டுத் தெரியாதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். தாலி கட்டும்வரைக்கும் கேட்டாள். எங்கேயும் நொண்டவில்லை. அவ்வளவு சுத்தமாக அவள்தான் வெட்டியிருந்தாள்.